குந்தியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்

மட்டக்களப்பில் கூத்தைப் பற்றிக் கதை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பாசை ஆருக்கு விளங்குது?" இதைச் சொல்பவர் கூத்தை வெறுப்பவர் அல்ல. பெரும்பாலும் இளவயதில் சதங்கை கட்டியவராக இருப்பார், அல்லது தன் பிள்ளை கட்ட வேணும் என்று ஆசைப்படுகிறவராக இருப்பார். அதனால் மறுத்துப் பேச வாய் வராது. விருத்தத்தில் பாதிச் சொல் விளங்காது, ஆட்டத்தோடு பாடும் தருவில் எதுகைக்காகப் போட்ட சொல்லுக்கு அர்த்தம் தேடிக் களைத்துப் போவோம், இன்றைய பிள்ளைக்கு அதற்கெல்லாம் பொறுமை எங்கே? கதை அப்படியே இருக்கட்டும், ஆட்டமும் அப்படியே இருக்கட்டும், பேச்சை நம் காலத்துப் பேச்சாக்கிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நியாயத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். எங்கே என்று சுட்டிக்காட்டத்தான் தெரியாமல் இருந்தது.

அன்றைக்கு நகரத்தில் ஒரு மண்டபத்தில் நாடகப் போட்டி. ஒரு பாடசாலைப் பிள்ளைகள் கர்ணன் கதையை வடமோடி என்ற கூத்து வகையில் எடுத்திருந்தார்கள். கொடுத்த நேரம் 45 நிமிடம். பழக்கியவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசிரியர். ஊர்க் கூத்துக்குள்ளேயே வளர்ந்தவர். கூத்தின் பாட்டு எழுதின கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக இருந்து எளிமையாக்கியிருந்தார். பிள்ளைகளின் கால் ஓர் இடத்திலும் பிசகவில்லை. மத்தளமும் சல்லரியும் சுத்தம். குந்திக்கு ஒரு பெண் பிள்ளையே ஆடினாள். எங்கள் ஊரில் அந்த நாளில் குந்தி என்றால் மீசை மழித்த மாமா ஒருவர்தான். பெண் பிள்ளைகள் கூத்துக்குள் வந்தது பிந்தி வந்த நல்ல காரியம் என்பேன்.

போருக்கு முதல் குந்தி கர்ணனைத் தேடிவந்து வரம் கேட்கும் கட்டம் வந்தது. குந்தி ஒரு சிறிய தரு படித்து (கூத்தில் பாடுவதைப் படிப்பது என்றுதான் சொல்வோம்), அரை வட்டம் ஆடி நின்றாள். காதோடு மாட்டிய மைக்கில் வசனம் தொடங்கியது. "கர்ணா, நான்தான் உன்னைப் பெற்ற அம்மா." கர்ணன் கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு காலமும் எங்கம்மா இருந்தீங்க?" என்றான். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் ஓயும்வரை அந்தப் பிள்ளை காத்திருந்தது. "அப்போ எனக்குக் கலியாணம் ஆகல்ல மகனே. ஊர் என்ன சொல்லுமோ எண்டு பயந்திட்டன்." அதற்குக் கர்ணன்: "ஊருக்குப் பயந்தீங்க. என்னப் பெட்டியில வச்சு விட்டீங்களே, அந்த ஆத்துக்குப் பயப்படல்லியா?"

நல்ல வசனம். நானும் கைதட்டினேன். எந்தக் கொப்பியிலும் இல்லாத வசனம் என்பது கைதட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

போட்டி முடிந்து வெளியே வந்தால், பஸ்ஸுக்கு நின்ற பெண்களுக்குள் ஒரே குந்தி பேச்சு. "சண்டை வந்தோடனதான் புள்ளட நினைவு வந்ததாங்கா அவவுக்கு?" என்று ஒருவர். "மற்றப் புள்ளயளக் காப்பாத்தத்தானே வந்தவ. இவன்ட உசிரு போனாப் போகட்டும் எண்டுதானே?" என்று இன்னொருவர். ஒரு இளம் தாய் கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே, "என்னெண்டுகா மனம் வந்தது?" என்றார். யாரும் கர்ணனுக்காக அழவில்லை. எல்லோரும் குந்தி மேல் கோபமாக இருந்தார்கள். பஸ் வந்தபோதும் அந்தக் கோபத்தோடுதான் ஏறிப் போனார்கள். பழக்கிய ஆசிரியருக்கு மகா சந்தோசம். "பாத்தீங்களா, ஒவ்வொரு சொல்லும் சனத்துக்குப் போய்ச் சேந்திருக்கு" என்றார். போய்ச் சேர்ந்தது உண்மை. என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஏனென்றால் இதே கட்டத்தை வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கோயில் வெளியில், சனம் சுற்றியிருந்து பார்க்கிற வட்டக்களரியில், விடிய விடியப் பார்த்தவன் நான். அறுவடை முடிந்த காலம். களரியைச் சுற்றிப் பாய் விரித்துச் சனம். குந்தி வரும்போது நடுச்சாமம் கடந்திருக்கும், பிள்ளைகளில் பாதி தூக்கம். நான் பெரியம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். மீசை மழித்த குந்தி படிக்கத் தொடங்கியதும் பெரியம்மாவின் மடி மெல்ல அசைந்தது. அவவும் கூடவே படித்துக்கொண்டிருந்தா, உதடு மட்டும் அசைய. பக்கத்துப் பாயிலும் அப்படித்தான். அழுதார்கள். ஆனால் யாரும் குந்தியைத் திட்டி நான் கேட்டதில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் குந்தி செய்தது சரியா பிழையா என்று ஒரு வார்த்தை இல்லை. குந்திக்கு ஆடினவன் நல்லாய்ப் படித்தான், குரல் கடைசி வரைக்கும் உடையவில்லை, கர்ணன்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான் என்று ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதே கதை, அதே கட்டம். ஒரு பக்கம் அழுகை, மறுபக்கம் வழக்கு. காலம் மாறிவிட்டது, இன்றைய பெண்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் பஸ்ஸுக்கு நின்றவர்களில் என் பெரியம்மா வயதுக்காரரும் இருந்தார்கள். பிள்ளையைத் தேடி முகாம் முகாமாகத் திரிந்த தாய்மார் இருக்கிற மாவட்டம் இது. சண்டைக்கு முதல்நாள் மகனைத் தேடி வந்து நிற்கிற ஒரு தாயைப் பார்த்து இவர்கள் எப்படி இவ்வளவு சுலபமாகக் கோபப்பட்டார்கள்?

எத்தின தரம் படிச்சவ?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு, கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரிடம் போனேன். வயதானவர். இப்போது மத்தளம் தொடுவதில்லை, ஆனால் ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துச் சட்டம் கொடுக்க யாராவது கேட்டால் போய்க் கொடுப்பார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். வசனத்தையும் சொன்னேன். "ஆத்துக்குப் பயப்படல்லியா" என்றதும் சிரித்தார். "நல்லா எழுதியிருக்கான்" என்றார். மொழியைப் பற்றி ஏதாவது சொல்வார், பழைய தமிழின் அருமை பெருமை என்று தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"குந்தி எத்தின தரம் படிச்சவ மனே?"

"ஒருக்காத்தான் அண்ணாவியார். நேரம் இல்லியே."

"ஒருக்காப் படிச்சா எப்பிடி அழுவாங்க?"

பிறகு எழும்பி முற்றத்துக்கு வந்தார். குந்தியின் தருவை எடுத்தார். முதல் அடியைக் கிணற்றுப் பக்கம் பார்த்துப் படித்தார். அரை வட்டம் நடந்து வேலிப் பக்கம் பார்த்து அதே அடி. அப்புறம் தெருப் பக்கம். கடைசியில் நான் இருந்த திண்ணைப் பக்கம். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். ஒரு பக்கம் பார்த்துப் படித்துவிட்டுப் போனால் மற்றப் பக்கத்துக்காரர் விடமாட்டார்கள். ஆட்டக்காரன் விட்ட இடத்தில் பிற்பாட்டுக்காரர் தூக்கிப் படிப்பார்கள், அது வேறு. முதல் தரம் கேட்டபோது அந்த அடியில் இரண்டு சொல் எனக்கு விளங்கவில்லை. வேலிப் பக்கம் திரும்பியபோது ஒன்று விளங்கியது. திண்ணைக்கு வந்தபோது மற்றச் சொல் விளங்கவில்லைதான், ஆனால் அது விளங்கவில்லை என்பதே மறந்துபோயிருந்தது. எனக்கும் கூடப் படிக்க வந்தது. படித்தேன்.

"இப்ப ஆர் குந்தி?" என்று கேட்டார். நான் முழித்தேன். "நீயும்தானே படிச்சாய்" என்றுவிட்டு வெற்றிலைத் தட்டைத் தேடிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் பிடிபடத் தொடங்கியது. கொப்பியில் கர்ணன் ஒன்றும் கேட்காமல் விடுவதில்லை. கேட்பான். ஆனால் பாட்டாய்க் கேட்பான், அவன் கேட்டதைப் பிற்பாட்டுக்காரரும் எடுத்துப் படிப்பார்கள். குந்தி பதில் படிப்பாள், அதையும் அதே ஆட்கள், அதே குரலில் எடுத்துப் படிப்பார்கள். கர்ணனின் நியாயத்துக்கும் குந்தியின் நியாயத்துக்கும் ஒரே வாய். அந்த வாயோடு சேர்ந்துதான் பாயில் இருக்கிற பெரியம்மாவின் உதடும் அசைகிறது. மகனின் கேள்வியையும் அவவே படித்து, தாயின் பதிலையும் அவவே படித்து முடித்தபின் யாருக்கு எதிராக யார் தீர்ப்புச் சொல்வது? மண்டபத்தில் குந்திக்குத் துணைக் குரல் இல்லை. அவள் தனியாக நின்று, தினசரிப் பேச்சில், தன் சார்பில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பேச்சில் பிள்ளையை ஆற்றில் விட்டதற்கு எந்தத் தாய் விளக்கம் சொன்னாலும் அது சாட்டாகத்தான் கேட்கும். ஊருக்குப் பயந்தேன் என்பதை விட நல்ல விளக்கத்தை அந்த ஆசிரியராலும் எழுதியிருக்க முடியாது, என்னாலும் முடியாது.

வரவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேணும். பாத்திரம் களரிக்குள் வரும்போது "இன்ன மன்னன் கொலுவுக்கு வருகிறானே" என்று படர்க்கையில் பாடுகிறார்கள். கிரீடம் வைத்து ஆடி வருகிறவனை அவனுக்கு முன்னாலேயே வேறு யாரையோ போலச் சொல்கிறார்கள். அவன் கர்ணன் அல்ல, கர்ணனை ஆடுகிறவன் என்பதை ஊர் ஒரு கணமும் மறப்பதில்லை. அதனால்தான் மறுநாள் கிணற்றடியில் அவன் குரலைப் பற்றிப் பேச முடிகிறது. எளிமையாக்கியவர்கள் முதலில் கைவைப்பது இந்தப் படர்க்கையில்தான். "தன்னைப் பற்றித் தானே வந்தான் போனான் எண்டு சொல்லுறது இந்தக் காலத்துக்குச் சிரிப்பு" என்று அதை "நான்தான் கர்ணன்" ஆக்கிவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து மேடையில் நிற்பது ஒரு தனி ஆள். அவனுக்கு மனம் இருக்கிறது, காயம் இருக்கிறது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

சொல் கடினம் என்ற பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்பதற்கும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எங்கள் கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம். விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கி, வட்டக்களரியை ஒரு பக்கம் திறந்த மேடையாக்கினார். அது பெரிய காரியம். அது நடக்காவிட்டால் இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் கூத்து ஒரு பாடமாகவே இருந்திராது. ஆனால் ஒரு பக்கம் பார்த்து ஆடும் மேடையில் நாலு பக்கமும் திரும்பிப் படிக்கத் தேவையில்லை. திருப்பிப் படிப்பது நேரத்தைத் தின்னும் சங்கதியாகத் தெரியத் தொடங்குகிறது. அவர் ஒன்றரை மணித்தியாலம் வைத்தார். அவருக்குப் பின் வந்த போட்டிகள் அதையும் பாதியாக்கின. திருப்புதல் போனது. ஒரே தரம் கேட்டால் பழைய அடி விளங்காது. விளங்காததால் சொல்லை மாற்றினோம். சொல் மாறியதும் பாட்டு வசனமானது. ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டும் கதையாகக் கர்ணன் கதை வந்து நின்றது இப்படித்தான். பாசை விளங்கவில்லை என்று நாம் முறையிடுகிற இடத்தில், அதை விளங்க வைத்த ஏற்பாட்டை முதலில் கழற்றி வைத்தவர்களும் நாமேதான்.

அரசன் பேச்சும் கட்டியகாரன் பேச்சும்

இன்னொன்றும் இருக்கிறது. பழைய கூத்தில் எல்லோரும் ஒரே தமிழ் பேசுவதில்லை. மன்னன் விருத்தம் படிப்பான். அவன் வசனத்திலும் ஒரு நெடுமை இருக்கும். ஆனால் மன்னன் வரவை அறிவிக்கிற கட்டியகாரன் வாயைத் திறந்தால் அது நம் ஊர்த் தெருப் பேச்சு, அதுவும் அந்த வருசத்துப் பேச்சு. அரிசி விலை, மாட்டுக் களவு, பஸ் பிந்தினது எல்லாம் அஸ்தினாபுரத்துக்குள் நுழைந்துவிடும். வேடனும் குறத்தியும் அப்படித்தான். அண்ணாவியார் இதையெல்லாம் எழுதிக் கொடுப்பதில்லை. ஆடுகிறவன் சமயத்துக்குத் தக்கபடி விடுவான். ஆகவே நம் காலத்து மொழி கூத்துக்குள் எப்போதும் இருந்தது. அதற்கென்று ஓர் இடம் இருந்தது. மன்னனையும் அதே பேச்சுக்கு இறக்கினால் கட்டியகாரனுக்கு வேலை இல்லாமல் போகிறது. போட்டி நாடகத்தில் கட்டியகாரன் வந்தான், இரண்டு பகிடி விட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. பாவம், அவனுக்குப் பின்னால் வந்த துரியோதனனும் அவனைப் போலவே கதைத்தான்.

ஷேக்ஸ்பியரிலும் இந்தக் கதைதான். மக்பெத்தில் மக்பெத்தின் மனைவியான சீமாட்டி நாடகம் முழுக்கச் செய்யுளில் பேசுகிறவள். கணவனின் கடிதத்தை வாசிக்கிற இடம் உரைநடை, ஆனால் அது அவன் எழுதினது. கடைசியில், ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில், தூக்கத்தில் நடந்து கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வரும்போதுதான் அவளுடைய பேச்சு உரைநடையாகச் சிதறுகிறது. அவள் மனம் உடைந்துவிட்டது என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை, பேச்சின் எலும்பு முறிந்தது காதிலேயே கேட்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கையில் இப்போது முழு நாடகத்தையும் இன்றைய உரைநடையாக்கிய பதிப்புகள் இருக்கின்றன. அவற்றில் கொலை முடிந்த கையோடு குடிவெறியில் கதவு திறக்க வரும் காவலாளியும், அரசனும், அரசியும் எல்லோரும் ஒரே உரைநடை. முதல் காட்சியிலிருந்தே சீமாட்டி உரைநடையில் பேசினால் ஐந்தாம் அங்கத்தில் அவளுக்கு விழ இடம் எங்கே? ஒரு சொல்லின் பொருளும் பிசகாமலே அந்த விழுகை காணாமல் போய்விடுகிறது. 2015இல் அமெரிக்காவின் ஒரிகன் ஷேக்ஸ்பியர் விழாக்காரர்கள் 36 நாடக எழுத்தாளர்களிடம் 39 நாடகங்களைக் கொடுத்து இன்றைய ஆங்கிலத்தில் ஆக்கச் சொன்னபோது பெரிய சண்டையே நடந்தது. வெட்டக் கூடாது, ஓசையும் அணியும் மூலத்தைப் போலவே இறுக்கமாக நிற்க வேணும் என்று அவர்கள் விதி போட்டிருந்தார்கள். அப்படி விதி போட்டும் சண்டை. நாங்கள் விதியும் போடவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை.

இந்த விசயத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வரும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணியை வெளியிட்டார். ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கி, அவருடைய 12 நாடகங்களை எடுத்து, தனஞ்சயனின் தசரூபகம் என்ற வடமொழி நாடக இலக்கணத்தையும் சேர்த்து எழுதிய நூல். எளிமையாக்குவது என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஆங்கிலச் செய்யுளைத் தமிழ்ச் செய்யுளாகவே கொண்டுவந்தார், அதுவும் சங்கத் தமிழின் பக்கம் சாய்ந்த நடையில். இன்றைக்கு அதை வாசிக்க எனக்கு உதவி வேணும். ஆங்கில மூலமே சுலபம் என்று நண்பர் ஒருவர் பகிடி பண்ணுவார். அடிகள் பொதுச்சனத்துக்கு எழுதவில்லை, அறிஞர்களுக்கு எழுதினார், சரி. ஆனாலும் அரசன் வாயில் வருகிற பேச்சின் உயரம் நாடகத்தின் உடம்பில் ஒரு பகுதி, கழற்றி வைக்கிற உடுப்பு அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பழசு எல்லாம் தூய்மை என்று சொல்ல வரவில்லை. கூத்துக் கொப்பிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை மாறிக் கை மாறி எழுதி, ஒருவர் எழுத்தை மற்றவர் பிழையாக வாசித்து, சில அடிகள் யாருக்குமே அர்த்தமில்லாத ஒலியாக வந்து நிற்கும். நான் பார்த்த ஒரு கொப்பியில் அப்படி ஓர் அடி. தமிழ் படித்த ஒருவர் அதைத் திருத்தி, பொருள் வரும்படி எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் அதைப் படித்து ஆடிப் பார்த்தார்கள். கால் இடறியது. அர்த்தம் வந்தது, ஆனால் நெடில் இருந்த இடத்தில் குறில் வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமைக் கூத்தில் பழைய பிழையையே படிப்பித்தார். அவரைப் பொறுத்தவரை அந்த அடி காலுக்கு எழுதினது. திருத்திக் கொடுத்த பண்டிதருக்கு இன்றும் அந்த மனவருத்தம் உண்டு.

மாற்றத்தான் வேண்டிய இடங்கள்

இனி, எதையும் தொடக் கூடாது என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. பழைய கொப்பிகளில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் பகிடிகள் உண்டு. பறை அறைய வருகிறவனைச் சபை நடுவே சிறுமைப்படுத்தும் இடங்கள் உண்டு. பெண்களைப் பற்றிச் சொல்கிற சில அடிகளை இன்றைக்கு ஒரு பெண் பிள்ளையை நிறுத்திப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இவை மாறத்தான் வேணும். ஆனால் அதைச் செய்கிறவர் பாசையை எளிமையாக்கினேன் என்று சொல்லக் கூடாது, கருத்தை மாற்றினேன் என்று சொல்ல வேணும். மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவருடன் நின்றவர்களும் கூத்தர்களோடு சேர்ந்து செய்த மீளுருவாக்கத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். எந்த இடம் மாற வேணும், ஏன் மாற வேணும் என்று ஆடுகிறவர்களோடும் ஊரோடும் இருந்து கதைத்து, தெரிந்தே மாற்றினார்கள். மாற்றியதைக் களரியிலேயே, கூத்தின் பாட்டிலேயே கொண்டுவந்தார்கள்.

1964இல் பேராதனையில் வந்த இராவணேசனையும் நான் அந்தப் பக்கத்தில்தான் வைப்பேன். எழுதியவர் சி. மௌனகுரு. அதில் இராவணன் மனதுக்குள் போராடி அழிகிற ஒரு துன்பியல் நாயகன். ஊர்க் கொப்பிகளின் இராவணன் அல்ல. தனி மனிதனின் மனத்தைக் காட்ட வேணும் என்று முடிவெடுத்து, அதற்கென்று புதிதாய் எழுதி, புதுப் பெயர் வைத்து, எழுதியவர் இன்னார் என்று சொல்லி மேடையேற்றினார்கள். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் திட்டுவார்கள், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்ற மயக்கம் யாருக்கும் இல்லை. மண்டபத்தில் கைதட்டியவர்களுக்கு அந்த மயக்கம் இருந்தது. பழைய குந்தியைத்தான் பார்க்கிறோம், இப்போதுதான் அவள் சொல்வது நன்றாக விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வேறொரு குந்தியைப் பார்த்தார்கள்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீப்பள்ளயத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இன்னும் சுலபமாக விளங்கும். 18 நாள் சடங்கு. வனவாசம், தவநிலை எல்லாம் கடந்து தீமிதிப்பு. பாண்டவராக வேடம் கொள்கிறவர்கள் நோன்பிருந்து வருகிறவர்கள். அங்கே தெருவோரம் நிற்கிற சனத்துக்குப் பாரதத்தில் எத்தனை சொல் விளங்குகிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. வனவாசம் போகிறவர்களின் பின்னால் சனமும் நடக்கிறது. கூத்துக் களரி கோயில் அல்ல, அங்கே பகிடிக்கும் சண்டைக்கும் இடம் உண்டு. ஆனாலும் கதை தெரிந்த சனம் மறுபடி மறுபடி வந்து கூட நிற்பதுதான் இரண்டுக்கும் அடி. கதை என்ன ஆகும் என்று அறிய யாரும் வருவதில்லை. கர்ணன் சாவான் என்று தூக்கத்தில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைக் கூடிநின்று தாங்குவதற்குத் திருப்பித் திருப்பிப் படிக்கிற பாட்டு வசதியாக இருந்தது. வசனம், தெரியாத ஒன்றைத் தெரிவிக்கத்தான் வசதி.

இதையெல்லாம் அந்த ஆசிரியரிடம் சொன்னேன். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லுறது சரி, ஆனா எனக்குத் தாறது 45 நிமிசம். நாலு பக்கம் திரும்பிப் படிச்சா கர்ணன் செத்து முடிய மறுநாள் விடிஞ்சிரும்" என்றார். நியாயம்தான். வருகிற போட்டிக்குச் சூது எடுக்கப் போகிறாராம், கொப்பியின் பிரதி ஒன்றை எனக்கும் தந்திருக்கிறார். நான் சொன்னது இவ்வளவுதான்: சொல்லை வெட்டாமல் கட்டத்தை வெட்டுங்கள். முழுக் கதையும் வேண்டாம். பாஞ்சாலி சபைக்கு வருகிற ஒரே கட்டம், பிற்பாட்டோடு, திருப்பித் திருப்பி, மேடை ஒரு பக்கமாக இருந்தாலும் பிள்ளைகள் நாலு திசைக்கும் திரும்பிப் படிக்கட்டும். அதற்கு மனமில்லாவிட்டால் பாஞ்சாலியை வைத்துப் புது நாடகம் எழுதுங்கள், உங்கள் பெயரைப் போடுங்கள், ஆற்று வசனம் எழுதின கை அதையும் நன்றாக எழுதும். "ஒரு கட்டம் மட்டும் ஆடினா நடுவர்மார் கதை எங்க எண்டு கேப்பாங்களே" என்கிறார். கேட்கட்டும் என்கிறேன். இன்னும் முடிவாகவில்லை. பிரதியில் எந்தெந்தக் கட்டத்தை விடலாம் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். சகுனியின் வரவைச் சுருக்க அவர் சம்மதம், விகர்ணனின் பேச்சை விட எனக்கு மனமில்லை. கட்டியகாரனை மட்டும் யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன் என்று நிற்கிறார். அதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை.